ஐந்தாவது விடை

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரில் விரிந்த பெரிய திரையின் நடுவில் ஒரு நீல வட்டம், தன் வாலைத் தானே துரத்துகிற நாய்க்குட்டி மாதிரி, நின்றபாடில்லை. ஞானசௌந்தரி டீச்சர் மவுஸில் வைத்த கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்தானை அமுக்கியாயிற்று, கேள்வி கையை விட்டுப் போய்விட்டது. அது பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் எங்கேயாவது நின்று மூச்சு வாங்குகிறதா என்பது ஆண்டவருக்கும் அந்த வட்டத்துக்கும்தான் வெளிச்சம். கரும்பலகையில் இந்தப் பாடு உண்டா? எழுதினால் எழுதினதுதான், நெட் இல்லை என்று கோபித்துக்கொண்டு போகாது. கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்புப் போடக்கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். பிள்ளைகளின் செருப்பெல்லாம் வாசலில் குவிந்து கிடக்க, ஓரமாய் இவளுடைய பழுப்புச் செருப்பு, அதற்குப் பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயசீலியின் வார் வைத்த கறுப்புச் செருப்பு. ஏசிக் குளிரில் டைல்ஸ் தரை உள்ளங்காலைச் சுண்டியது. வெறுங்காலோடு நின்று கணக்கு நடத்துவோம் என்று கனவிலாவது நினைத்தாளா? கடைசி வரிசைக்குப் பின்னால் ஜெயசீலி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா வந்து உட்காரவில்லை. "பத்து சி-ய பெர்சி டீச்சர்கிட்ட குடுத்துரலாம்னு பாக்கேன், டீச்சர். போன வருஷம் கணக்குல விழுந்தது அம்புட்டும் சி செக்‌ஷன்தான். பெர்சி இந்தக் காலத்துப் பிள்ள, கம்ப்யூட்டர்லாம் வச்சு நல்லா நடத்துதா. நீங்க ஆறு, ஏழு எடுத்தா உங்களுக்கும் லேசா இருக்கும்லா" என்றவளிடம், "ஒரே ஒரு பீரியட் வந்து பாருங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று இவள்தான் வாயைக் கொடுத்தாள். இதோ அந்த பீரியட். மணி அடிக்கும்போது பத்து சி இவளுக்கா பெர்சிக்கா என்று தெரிந்துவிடும். லேசா இருக்கும்லா! யார் கேட்டா லேச?

லேசாக இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், இத்தனை வருஷமாய் ஒன்றே ஒன்றுதான் லேசாக இருந்தது. பாடம் முடிந்ததும் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பு மொத்தமும் ஒரே ராகத்தில் இழுக்கும். கேட்கக் கேட்கக் காதுக்குக் குளிர்ச்சி. எவளுக்குப் புரிந்தது, எவளுக்குப் புரியவில்லை என்று அந்தச் சத்தத்துக்குள் இறங்கி யார் தேடிப் பார்ப்பது? மணி அடித்துவிடும், அடுத்த வகுப்பு, அடுத்த ராகம். அதிகாரி வருகிற நாள் என்றால் ஏற்பாடு இன்னும் பக்கா. வாத்தியார் வேலை பார்த்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். "ஏட்டி, ஆபீசர் கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும், ஒருத்தி பாக்கியில்லாம. தெரிஞ்சவ வலது கை, தெரியாதவ இடது கை. வலது கையாப் பாத்து நான் கூப்பிட்டுக்கிடுதேன்." அவ்வளவுதான். கேள்வி வாயை விட்டு வருமுன் கைகள் எழும்பும், அதிகாரி பூரித்துப் போவார், இவள் கண் வலது கைகளை மட்டும் பொறுக்கும். இடது கைகள் என்னைக் கூப்பிட்டுராதீங்க டீச்சர் என்று கெஞ்சிக்கொண்டு மேலே நிற்கும். இசக்கிரேகா என்று ஒரு பிள்ளை, உப்பளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவள், வாயில் முத்து வைத்துத் தைத்த மாதிரி வருஷம் பூராவும் பேசாதவள். போன தடவை அதிகாரி வந்தபோது அவளுடைய இடது கைதான் எல்லாக் கையையும்விட உயரமாய் நின்றது. அதைப் பார்த்தும் பாராத மாதிரி இவள் தாண்டிப் போனாள். இப்போது எதற்கு அந்தக் கை ஞாபகம் வந்து தொலைக்கிறது? வட்டத்தைப் பாரு சௌந்தரி, வட்டத்தைப் பாரு.

வட்டம் இன்னும் சுற்றியது. பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்த பையன்கூடச் சொன்னான், "பதறாதீங்க மேடம், நெட் ஸ்லோவா இருந்தா ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்று. ரெஃப்ரெஷ் பண்ணி எல்லாம் அழிந்துபோனால்? வீட்டில் ஒருநாள் அப்படித்தான் ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து அடித்த கேள்வியெல்லாம் போயே போச்சு, மேஜையில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. முதல் தடவை இந்த லேபில் அந்தப் பையன் காட்டிய வெப்சைட்டில் கேள்வி போட்டுப் பார்த்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான்கு விடை போட்டாள், ஏ, பி, சி, டி. எந்த விடையை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று திரையில் காட்டுகிற கம்பங்களில் ஒன்றே ஒன்று, பி மேல், கிடுகிடுவென்று கூரை வரை ஏறிற்று. மற்ற மூன்றும் தரையோடு தரை. ஆகா, வகுப்பே ஒரே விடை சொல்லியிருக்கிறதே என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் பார்த்தாள், பி தப்பு. முதல் ராங்க் ஆன்சிலின், பாவம், தெரியாமல் "பி" என்று வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறாள். அது வரிசை வரிசையாய்ப் பரவி, மொத்த வகுப்பும் ஒற்றுமையாய்த் தப்பை அமுக்கியிருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதே ராகம்! உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைகளாவது வெப்சைட்டில் கோரஸ் பாடுமா? அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த வெப்சைட்டைத் தலைகீழாகக் குடைந்தாள். விடைகளைக் குலுக்கிப் போடுகிற ஒரு பொத்தான் கிடைத்தது. ஒரு கம்ப்யூட்டரில் பி-யாக இருப்பது அடுத்ததில் டி-யாக இருக்கும், இனி ஆன்சிலின் முணுமுணுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பேர் கேட்கிற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் எவள் எதை அமுக்கினாள் என்று டீச்சருக்கே தெரியாது. அதையும் எடுத்தாள். சோதித்துப் பார்க்க வீட்டில் இருந்த ஒரே மாணவர் அவளுடைய புருஷன் ஜெபராஜ். ரிட்டயர் ஆகி ஈசிச்சேரில் கிடந்த மனுஷனிடம் போனை நீட்டி "அமுக்குங்க" என்றாள். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏளா சௌந்தரி, நாலு விடை போட்டிருக்க, சரி. எனக்கு ஒரு எழவும் தெரியலன்னா நான் எங்க போய் அமுக்க?" "சும்மா எதையாவது அமுக்குங்க." "அப்பிடித்தான் எட்டாம் வகுப்பு வர அமுக்கிக்கிட்டு வந்தேன்" என்றார் ஜெபராஜ். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் ஐந்தாவது விடையைச் சேர்த்தாள். தெரியல டீச்சர்.

வந்துவிட்டது. திரை குலுங்கியது, வட்டம் காணாமல் போயிற்று, பிள்ளைகளின் பக்கம் மவுஸ் சத்தம் சடசடவென்று கிளம்பியது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், தலையோடு தலை முட்டிக்கொண்டு. கேள்வி வேறொன்றுமில்லை, புத்தகத்தில் வருகிற அதே கலங்கரை விளக்கு, அதே கப்பல். விளக்கின் உயரம் அறுபது மீட்டர், உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கிற இறக்கக் கோணம் முப்பது பாகை, கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? போன வாரம் முழுக்க இதைத்தான் நடத்தினாள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்!" விடை அறுபது ரூட் மூன்று. அந்தப் பச்சைக் கம்பம்தான் ஏற வேண்டும், ஏறு, ஏறு. ஏறவில்லை. ஏசப்பா, இது என்ன? பச்சை முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இருபது ரூட் மூன்று என்று தப்பாய்ப் போட்ட மஞ்சள் கம்பம் இடுப்புவரை வந்தது. அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, சாம்பல் நிறத்தில் ஒன்று வளர்ந்துகொண்டே போனது. தெரியல டீச்சர். தெரியல டீச்சர். தெரியல டீச்சர். சத்தமே இல்லை. லேபில் ஏசி மட்டும் உறுமியது. அத்தனை வருஷத்து ராகமும் தொண்டையில் அடைபட்டு, ஒரு சாம்பல் கம்பமாய்ச் சுவரில் எழுந்து நின்றது. ஜெயசீலி நாற்காலியில் அசைகிற சத்தம் கேட்டது, பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. எழுதுகிறாள். எழுதட்டும், என்ன எழுதுவாள், பெர்சி என்று எழுதுவாள், பெரிய எழுத்தில். நீயே குழி வெட்டி நீயே படுத்திருக்கிறாய் சௌந்தரி, யாராவது இப்படி வலியப் போய் ஐந்தாவது விடை வைப்பார்களா? திரையின் மூலையில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி, அதை அமுக்கினால் போதும், எல்லாம் மூடிவிடும், "நெட்டு போயிருச்சு டீச்சர்" என்று சொல்லிவிடலாம், எல்லாரும் நம்புவார்கள், நெட் போவது என்ன அதிசயமா? அம்பு மூலையை நோக்கி நகர்ந்தது. அவளுடைய கைதான் நகர்த்தியது, பொய் சொல்வானேன்.

அப்போது பிள்ளைகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். பயம் இல்லை அதில், அதுதான் அதிசயம். சாம்பல் கம்பத்தைப் பார்த்து ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கிறாள், உனக்குமாட்டி என்கிற மாதிரி. அவள் இன்னொருத்தியைப் பார்க்கிறாள். எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று தனித்தனியே குமைந்துகொண்டிருந்தவர்கள், அத்தனை பேரும் ஒரே படகில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இசக்கிரேகாவின் வாய் லேசாய்த் திறந்திருந்தது. இவர்கள் என்னை நம்பி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த அதிகாரிக்கும் சொல்லாததை, எனக்கே சொல்லாததை. இதை மூடுவேனா? மூடினால் நான் மனுஷியா? அம்பைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தைத் திறந்தாள், அதில் விடை ஒன்றும் இல்லை, சுவர் மாதிரி வெறும் பக்கம், பிள்ளைகள் அடிப்பது அப்படியே சுவரில் வந்து ஒட்டும். மேலே ஒரே வரி அடித்தாள், இரண்டு விரலால், எழுத்து எழுத்தாய்த் தேடி: எங்க இடிக்குது? அனுப்பினாள். மறுபடி வட்டம். சுற்று ராசா, நீ மெதுவாகவே சுற்று, எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஒன்று வந்து ஒட்டியது. "மேல இருந்த கோணம் கீழ எப்படி வந்துச்சு?" இன்னொன்று. "கோணம் ஏன் எடம் மாறுது." "நீங்க கீழ போட்டீங்க அதனால நானும் போட்டேன்." "முக்கோணத்துக்கு வெளிய இருந்துச்சு திடீர்னு உள்ள வந்துட்டு." "எனக்கும் அதே." "எனக்கும்." "கேக்க பயமா இருந்துச்சு." தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, தப்பும் தவறுமாய், சுவர் முழுக்க. ஞானசௌந்தரி படித்தாள், திரும்பப் படித்தாள். மேலே இருந்த கோணம் கீழே எப்படி வந்தது? எப்படி வந்தது? அவளுடைய கை கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை அதைச் செய்திருக்கும்! விளக்கின் உச்சியில் படுக்கையாய் ஒரு கோடு, அங்கிருந்து கப்பலுக்குச் சாய்வாய் ஒரு கோடு, நடுவில் முப்பது. அடுத்த நொடி அந்த முப்பது கப்பலுக்குப் பக்கத்தில், முக்கோணத்தின் கீழ் மூலையில் போய் உட்கார்ந்திருக்கும். "இத இங்க எழுதிக்கோங்க" என்பாள். எழுதிக்கொள்வார்கள். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது ஒரு படி என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை, கண்ணுக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. அதுதான் மஞ்சள் கம்பம்! முப்பதை உச்சியிலேயே முக்கோணத்துக்குள் திணித்தால் சொல்லி வைத்த மாதிரி இருபது ரூட் மூன்றுதான் வரும். அவர்கள் மக்கு இல்லை, யோசித்திருக்கிறார்கள், இவள் தாண்டிய இடத்தில் தாண்ட மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். அவமானம் வரும் என்று நினைத்தாள், வந்தது அது இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. அடி ஆத்தாடி, ஒரே ஒரு இடம்தானா! வகுப்பு மொத்தமும் விழுந்தது இந்த ஒரு ஓட்டையிலா! இத அடைக்க எம்புட்டு நேரமாகும்?

"ஆன்சிலின், அந்த நாற்காலியப் புடி" என்றாள். "என்ன டீச்சர்?" "புடிட்டின்னா." பிளாஸ்டிக் நாற்காலியில் வெறுங்காலை வைத்தாள், முட்டி ஒரு முனகல் முனகியது, போட்டும், சேலைக் கொசுவத்தைக் கொத்தாய்ப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். கடைசி வரிசையில் ஜெயசீலி பதறி எழுந்துவிட்டாள், "டீச்சர், பாத்து! எதுக்கு இந்த வேல?" வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும். மேலே இருந்து பார்த்தால் எல்லாத் தலையும் தெரிந்தது, எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலைகள், மூன்றாவது வரிசையில் இசக்கிரேகாவின் தலையும். "நான் கலங்கரை விளக்கு. இசக்கி, எந்திட்டி, நீ கப்பல். அங்கேயே நில்லு." இசக்கிரேகா எழுந்தாள், பயந்துபோய், கால் விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. "நான் நேரா எதுத்த சொவரப் பாக்கேன். இப்ப உன்னப் பாக்கணும்னா தலையக் குனியணும். இந்தா குனியுதேன். எம்புட்டுக் குனிஞ்சேனோ அதுதான் இறக்கக் கோணம். கணக்குல முப்பது. இப்ப நீ நேரா பாரு. பாத்தியா? அப்பிடியே தலையத் தூக்கி என்னப் பாரு. என் கண்ணப் பாரு." அந்தப் பிள்ளை பார்த்தது. வருஷம் பூராவும் மேஜையையும் ஜன்னலையும் பார்த்த கண், முதல் தடவையாய் நேராய் வந்து இவள் கண்ணில் நின்றது. "எம்புட்டுத் தூக்குன?" சொல்லு தாயி, சொல்லு, உனக்குத் தெரியும். "நீங்க... நீங்க குனிஞ்ச அளவுதான் டீச்சர்." "ஏன்?" "ரெண்டு பேரும் ஒரே கோட்டு வழியாத்தான டீச்சர் பாக்கோம். நீங்க மேலருந்து, நான் கீழருந்து." நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆன்சிலின் தன்னை மறந்து கத்தினாள், "டீச்சர், மேல கோடும் கடலும் இணைகோடு! இது ஒன்றுவிட்ட கோணம்! இது எட்டாவதுலயே படிச்சோமே!" "ஐயோ, ஆமா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல், அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஒன்றோடொன்று சேராமல், முன்னும் பின்னுமாய், அவரவருக்குப் புரிந்த நேரத்தில். ராகமே இல்லாத அந்த ஆமாக்களைப் போல இனிமையான சத்தத்தை அவள் தன் சர்வீஸில் கேட்டதில்லை.

இறங்கினாள். மறுபடி அதே மாதிரிக் கணக்கு, எண்களை மட்டும் மாற்றி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது, இந்தத் தடவை அதைப் பார்த்துப் பயமே வரவில்லை, வேலை செய்கிற பிள்ளை, செய்துவிட்டு வரட்டும் என்று நின்றாள். வந்தது. பச்சைக் கம்பம் ஏறியது பாருங்கள்! மஞ்சள் எழுந்திருக்கவே இல்லை. சாம்பல் கொஞ்சம் தலையைக் காட்டியது, அதைத் தாண்டிக்கொண்டு பச்சை போனது, போனது, ஐயா, திரையின் உச்சி வரைக்கும் போனது. பிள்ளைகள் கைதட்டின. யார் சொன்னது தட்டச் சொல்லி? இவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, முந்தானையால் துடைத்தாள், மறைக்கவும் இல்லை. ஜெபராஜிடம் சொல்ல வேண்டும், ஓய், உம்ம விடைதான் ஜெயிச்சுது என்று. பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது: "புரிஞ்சுதா?" "புரிஞ்சு..." என்று வகுப்பு ஆரம்பித்து, பாதியில் தானே நின்று, ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஜெயசீலிதான் எழுந்தாள், வரிசைகளுக்கு நடுவே வெறுங்காலில் மெதுவாய் நடந்து முன்னால் வந்தாள். "அந்த சாம்பக் கம்பம் ஏறும்போது நீங்க மூடிருவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். "நானா இருந்தா மூடிருப்பேன்." கையிலிருந்த பேனாவை மூடினாள். "பத்து சி உங்ககிட்டயே இருக்கட்டும். பெர்சிய ஒருநாள் இங்க வந்து உக்காந்து பாக்கச் சொல்லுதேன்."

சரி என்று சொல்ல ஞானசௌந்தரி வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும்பியிருந்தது. இடது கை. எல்லாத் தலைக்கும் மேலே, ஆடாமல். ஆனால் கண் மேஜையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தது, கூப்பிடு என்றது. "சொல்லுட்டி இசக்கி." "டீச்சர்... கப்பல் கரைக்குக் கிட்ட வந்துக்கிட்டே இருந்தா, அந்தக் கோணம் கூடுமா, கொறையுமா?" புத்தகத்தில் இல்லாத கேள்வி, யாரும் கேட்கச் சொல்லாத கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிக்கொண்டாள். ஆன்சிலினைப் பார்த்துக் கையைக் காட்டினாள், நாற்காலி வந்தது. ஞானசௌந்தரி டீச்சர் மறுபடி அதன்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் நீட்டினாள். "நடந்து வா, பாப்போம். என் கண்ண விட்டுராத." இசக்கிரேகா வரிசையை விட்டு வெளியே வந்து நடந்தாள். கிட்டே வர வர அவள் தலை நிமிர்ந்துகொண்டே வந்தது.